நாவில் தோன்றும் வெண்திட்டு
உறுப்பு மாற்றம் பெற்றோரும் அவர்தம் இல்லத்தாரும் அறிய வேண்டியவை

நோயாளியின் நாவைக் கண்டு நோயை அறிதல் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். சித்த மருத்துவர்கள் கூறும் எண்வகைத் தேர்வுகளுள் நாடி, விழி, நிறம் முதலியவற்றோடு நாவும் இடம் பெற்றுள்ளது. மேனாட்டு மருத்துவம் பயின்றவரும் "நாக்கை நீட்டுங்கள்" என்று கேட்கத் தவறுவதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களோ, நாக்கு வெளுத்திருந்தால் "வயிறு சரியில்லை" என்பர். புண்ணாகியிருந்தால் "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்று கூறி மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துக் கொடுப்பர். நல்ல உடல்நலம் உள்ளவருக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். சில நாட்களில் நாக்குத் தன் இயல்பான நிறத்தைப் பெற்றுவிடும்.

ஆனால், பிறர் வழங்கிய சிறுநீரகத்தையோ, கல்லீரலையோ, இதயத்தையோ தம் உடலில் தாங்கி வாழும் ஒருவரின் நாவில் வெண்மை தோன்றுமானால், அதனை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடல் ஆகாது. அது எளிதில் தீரும் சிறு தொல்லையாகவும் இருக்கலாம். உட்கொள்ளும் மருந்தின் அளவைப் பற்றிய எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அரிதாகப் புற்றுநோயின் முதற்படியாகவும் இருக்கலாம். மூன்றும் பார்வைக்கு வெண்மையே. அவற்றை வேறு பிரித்து அறிவது எங்ஙனம்? அதில் மருத்துவரின் பங்கு யாது? வீட்டாரின் பங்கு யாது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காவலைத் தளர்த்தும் மருந்துகள்

நம் உடலில் இயற்கையான ஒரு காவற்படை உண்டு. அயலான பொருள் எது நுழைந்தாலும் அப்படை அதனைத் தாக்கி வெளியேற்ற முயலும். கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பது இப்படையே. ஆயின், உயிர் காக்க வந்த அயலார் உறுப்பையும் அது பகையாகவே கருதுகிறது. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவினின்று பிறந்த இரட்டையர் என்பதே. இருவர் உடலும் ஒரே தன்மையுடையதாதலால் காவற்படை எதிர்க்கவில்லை. அப்பணிக்காக மர்ரே 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

இரட்டையர் அல்லாத மற்றவர்க்கு என்ன செய்வது? காவற்படையின் வேகத்தை மருந்தினால் தளர்த்த வேண்டும். அவ்வாறு தளர்த்தினால் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். புதிய இதயம் நன்கு துடித்தது. எனினும் நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். அவரது உயிரைப் பறித்தது நுரையீரலைப் பற்றிய நிமோனியா நோய்.

பின்னர் மேலான மருந்துகள் வந்தன. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து சைக்ளோஸ்போரின் பிரித்தெடுக்கப்பட்டது. 1978இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கால்ன் அதனை நோயாளிகளுக்கு முதன்முதலாகப் பயன்படுத்தினார். 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உறுப்பு மாற்றம் பெற்றவர்களுள் மிகப் பலர் டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மருந்துகளைச் சேர்த்து உட்கொள்கின்றனர். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று வெற்றியுடன் நிகழ்ந்தது. அதன் பின் இச்சிகிச்சை பல ஊர்களுக்கும் பரவி, இன்று நம் பங்குக் குடும்பங்களிலும் இத்தகைய மருந்துகளுடன் வாழ்வோரைக் காண்கிறோம்.

இம்மருந்துகளின் செயல் வெளியே தெரியக்கூடிய இடங்களுள் வாய் ஒன்று. வாயில் எந்நேரமும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காவல் வலுவாக இருக்கும் வரை அவை அடங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்தால் தலையெடுக்கும். எனவேதான் அனுபவமுள்ள மருத்துவர் இத்தகைய நோயாளியின் இரத்தத்தைச் சோதிப்பதோடு நில்லாமல், வாயைத் திறந்தும் பார்க்கிறார்.

துடைத்தால் நீங்கும் வெண்மை

உறுப்பு மாற்றம் பெற்றவரின் வாயில் காணும் வெண்மைக்கு மிகப் பொதுவான காரணம் கேண்டிடா என்னும் பூஞ்சைக் காளான். கைக்குழந்தைகளின் வாயில் தயிர் ஒட்டியது போல் தாய்மார் காணும் படலமும் இதுவே. நாக்கின் மேற்புறத்திலும், கன்னத்தின் உட்புறத்திலும், அண்ணத்திலும் வெண்ணிறத் திப்பிகளாக இது படியும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் பெயர்ந்து வரும். அடியில் சிவந்த தோல் தெரியும். சில வேளைகளில் சிறிது இரத்தமும் கசியும். வாய் எரிச்சல், சுவை மாறுதல், காரம் தாங்காமை ஆகியன உடன் இருக்கும்.

மாற்றுச் சிகிச்சை முடிந்த முதற்சில மாதங்களில் மருந்துகளின் அளவு மிகுதியாக இருப்பதால் இத்தொல்லை அப்போது அதிகம். உடல் புதிய உறுப்பை எதிர்க்கத் தொடங்கி, அதனை அடக்க ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாகச் செலுத்திய பின்னரும் இது வரும். நீரிழிவு, வாய் உலர்தல், ஆண்டிபயாடிக் மருந்துகள், ஆஸ்துமாவிற்காக இழுக்கும் மருந்து, இரவிலும் கழற்றாமல் அணியும் பொய்ப்பற்கள் ஆகியன இதற்குத் துணை செய்யும்.

இது உயிருக்கு உடனடி ஆபத்தை விளைப்பதில்லை. ஆயினும் புறக்கணித்தால் உணவுக்குழாயில் இறங்கும். உணவை விழுங்கும்போது நெஞ்சில் வலியோ அடைப்போ தோன்றினால் அதுவே அறிகுறி. உண்ண முடியாதவர் மருந்தையும் விழுங்க முடியாதவர் ஆகிவிடுவார். அது பெற்ற உறுப்பிற்கே கேடாக முடியும்.

துடைத்தாலும் நீங்காத வெண்மை

துடைத்துப் பார்த்தும் நீங்காமல், தோலோடு தோலாக ஒட்டியிருக்கும் வெண்திட்டே மருத்துவரைச் சிந்திக்க வைப்பது. இதில் பல வகைகள் உண்டு.

முதலாவது, மருத்துவ நூல்கள் ஹேரி லூக்கோபிளேக்கியா என அழைக்கும் மயிரிழை வெண்திட்டு. இது பெரும்பாலும் நாக்கின் பக்க ஓரங்களில் தோன்றும். மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக, துணி வெளுக்கும் பலகையின் வரிகளைப் போல் காணப்படும். சிலரிடம் அம்மடிப்புகள் நீண்டு மயிரிழைகளைப் போல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. வலி இராது, பலர் தாமே அறிவதும் இல்லை. இதனை உண்டாக்குவது எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் கிருமி. இக்கிருமி 1964இல் கண்டறியப்பட்டது. உலகில் வயது வந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனைத் தம் உடலில் உறங்கும் நிலையில் தாங்கியுள்ளனர். காவல் தளரும்போது அது நாவின் ஓரத்தில் விழித்தெழுகிறது. இத்திட்டு புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலோர்க்குத் தனி மருந்தும் தேவையில்லை. ஆயின், நோயாளியின் எதிர்ப்பாற்றல் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதை இது மருத்துவருக்கு உணர்த்துகிறது.

இரண்டாவது, லூக்கோபிளேக்கியா என்று மட்டும் குறிக்கப்படும் வெண்திட்டு. வேறு எந்த நோயின் பெயரையும் சூட்ட இயலாத, துடைத்தாலும் போகாத திட்டிற்கே இப்பெயர். பெயர் முன்னதைப் போல் இருந்தாலும் தன்மை வேறு. இவற்றுள் ஒரு பகுதி நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். வெண்மையின் இடையே செந்நிறம் கலந்திருந்தால் அச்சம் மிகுதி. நாவின் ஓரமும் அடிப்புறமும் கூடுதல் கவனத்திற்குரிய இடங்கள். புகையிலை, பீடி, சிகரெட், மது ஆகியவற்றோடு, நம் நாட்டில் வெற்றிலை பாக்குப் பழக்கமும் இதற்கு வழிகோலுகிறது. பாக்கு, புகையிலை சேராமல் மென்றாலும் புற்றுநோய் விளைக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவரிடம் புற்றுநோய்கள் பொதுவாகவே அதிகம் தோன்றுகின்றன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவது, கேண்டிடாவிலேயே ஒரு வகை தடித்து ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் நீங்காமல் நிற்கும். எனவே "துடைத்தால் போகவில்லை, ஆகவே இது காளான் அன்று" என்று முடிவு கட்டிவிட முடியாது. துடைத்துப் பார்த்தல் சோதனையின் தொடக்கமேயன்றி முடிவு அன்று.

இவற்றைத் தவிர, கூரிய பல்லின் விளிம்பு நாவில் ஓயாமல் உராய்வதால் தோல் தடித்து வெளுப்பதுண்டு. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்து வெளுப்பதுண்டு. லைக்கன் பிளானஸ் என்னும் தோல்நோயில் பின்னல் வேலை போன்ற வெண்கோடுகள் தோன்றும். சிரோலிமஸ் போன்ற சில மருந்துகளால் வாயில் உண்டாகும் புண்களின் மேல் வெளிறிய படலம் மூடியிருக்கும். தேசப்படம் வரைந்தது போல் நாளுக்கு நாள் இடம் மாறும் தீங்கற்ற திட்டுகளும் உண்டு. இத்தனைக்கும் பொதுவானது வெண்ணிறம் ஒன்றே.

மருத்துவர் கண்டறியும் முறை

முதலில் மருத்துவர் கேள்விகள் கேட்பார். உறுப்பு மாற்றம் நடந்து எத்தனை மாதங்கள் ஆயின? என்னென்ன மருந்துகள், எந்த அளவில்? அண்மையில் மருந்தின் அளவு கூட்டப்பட்டதா? ஆண்டிபயாடிக் எடுத்தாரா? நீரிழிவு உண்டா? வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டா? திட்டு எப்போது முதலில் தெரிந்தது? பெரிதாகிறதா? வலி உண்டா? இக்கேள்விகளுக்கு மறைக்காமல் விடை கூறுவது நோயாளியின் கடமை. குறிப்பாகப் புகையிலைப் பழக்கத்தை மனைவி மக்கள் அருகில் இருக்கக் கூறத் தயங்குவோர் உண்டு. அத்தகையோர் மருத்துவரிடம் தனிமையில் பேச விரும்புவதாகக் கூறலாம்.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில் வாய் முழுவதும் பார்க்கப்படும். பொய்ப்பற்களைக் கழற்ற வேண்டும். நாவின் நுனியைத் துணியால் பற்றி மெல்ல இழுத்து, இரு ஓரங்களையும் அடிப்புறத்தையும் பார்ப்பார். நாவை நீட்டுவதால் மட்டும் ஓரங்களின் பின்பகுதி தெரியாது. மயிரிழைத் திட்டும் புற்றுநோயும் விரும்பும் இடம் அதுவே. பின்னர் துடைத்துப் பார்த்து, விரலால் தொட்டு, தடிப்போ கடினமோ உண்டா என அறிவார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்.

காளான் என்ற ஐயம் இருந்தால், திட்டின் மேற்பகுதியைச் சிறிது சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, உருப்பெருக்கியில் காண்பர். காளானின் இழைகள் அங்கே தெரியும். வலியற்ற இச்சோதனை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். காளானுக்குரிய மருந்து கொடுத்து, ஒன்றிரண்டு வாரங்களில் மீண்டும் வரச் சொல்வர். இந்த மறு வருகையை நோயாளி தவறவிடக் கூடாது. எரிச்சல் நின்றதும் "சரியாகிவிட்டது" என்று பலர் போகாமல் இருந்துவிடுகின்றனர். மேலே படிந்திருந்த காளான் நீங்கிய பின் அடியில் வேறொரு திட்டு எஞ்சி நிற்பதுண்டு. அதனை அறிவது மறு வருகையில்தான்.

மருந்துக்கும் நீங்காத திட்டையும், தொடக்கத்திலேயே ஐயத்திற்கிடமான திட்டையும் பயாப்சி எனப்படும் திசுச் சோதனைக்கு அனுப்புவர். நாவின் அவ்விடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து, மிகச் சிறு துண்டை எடுத்து, தேவையானால் ஓரிரு தையல் இடுவர். "கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்ற அச்சம் நம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு ஆதாரம் இல்லை. சோதனை செய்யாமல் காலம் தாழ்த்துவதே ஆபத்து. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும், தாமே நிறுத்தலாகாது.

எடுத்த திசுவைச் சாயமேற்றி நோயியல் வல்லுநர் ஆராய்வார். காளான் இழைகள் உண்டா, உயிரணுக்கள் ஒழுங்கு குலைந்துள்ளனவா, புற்றுநோய் தொடங்கியுள்ளதா என்பவை அப்போது தெளிவாகும். எப்ஸ்டீன்-பார் கிருமி என்ற ஐயம் எழுந்தால் அக்கிருமியின் மரபணுவைத் திசுவினுள்ளேயே தேடிக் காணும் சோதனையும் உண்டு. நெடுநாள் அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணும் சில வேளைகளில் ஏமாறக்கூடும் என்பதனால்தான் இத்தனை சோதனைகள்.

பெயரைக் கேட்டு ஐயுற வேண்டாம்

இவ்விடத்தில் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய முக்கியமான ஒன்றுண்டு. மயிரிழை வெண்திட்டு முதன்முதலாக 1984இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் விவரிக்கப்பட்டது. எய்ட்ஸ் நோய் பரவத் தொடங்கிய காலம் அது. அந்நோய்க்கு ஆளாகும் நிலையிலிருந்த ஆண்களின் நாவிலேயே இத்திட்டு காணப்பட்டது. ஆகவே, 'இது எய்ட்ஸின் அடையாளம்' என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே வேரூன்றிவிட்டது. 1980களின் இறுதியில், எய்ட்ஸ் கிருமி இல்லாத, சிறுநீரக மாற்றம் பெற்ற நோயாளிகளிடமும் இதே திட்டு காணப்பட்டபோதுதான் உண்மை விளங்கியது. எதிர்ப்பாற்றல் எக்காரணத்தால் தாழ்ந்தாலும் இத்திட்டு தோன்றலாம். கிருமியால் தாழ்ந்தாலும் சரி, உறுப்பைக் காக்கத் தரும் மருந்தால் தாழ்ந்தாலும் சரி, நாவில் விளைவது ஒன்றே.

இன்றும் இத்திட்டின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்ப்பவர் கண்ணில் எய்ட்ஸ் என்னும் சொல் எளிதாகப் படும். சிறுநீரகம் பெற்ற கணவனின் நாவில் இத்திட்டைக் கண்ட மனைவியின் மனத்தில் என்னென்ன ஐயங்கள் எழக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அச்சிறுநீரகத்தைக் கொடுத்தவளே அவளாகவும் இருக்கலாம். நம் நாட்டில் உயிருடன் இருந்து உறுப்பு வழங்குவோருள் பெண்களே மிகுதி அன்றோ! மருந்தின் விளைவை ஒழுக்கத்தின் விளைவாக எண்ணி ஓர் இல்லத்தின் அமைதி குலைவது எத்தகைய கொடுமை!

உறுப்பு மாற்றத்திற்கு முன்னரே கொடுப்பவர், பெறுபவர் இருவருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுகிறது. திட்டு தோன்றிய பின் மருத்துவர் மீண்டும் அச்சோதனையைக் கேட்கலாம். அது ஐயத்தை நீக்குதற்கான வழக்கமான நடைமுறை. யார் மீதும் சாட்டும் குற்றம் அன்று. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அச்சோதனைக்கு நோயாளியின் இசைவு பெற வேண்டும். முடிவையும் மறைவாகக் காக்க வேண்டும். அக்கிருமி உள்ளதாகவே தெரிய வந்தாலும் அவர் வெறுத்து ஒதுக்கத்தக்கவர் அல்லர். இன்று அதற்கும் நெடுநாள் வாழ வழிசெய்யும் மருந்துகள் உள்ளன.

கடையில் வாங்கும் மாத்திரை

"வாயில் காளான்தானே, ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் போயிற்று" என்று எண்ணுவோர் உண்டு. உறுப்பு மாற்றம் பெற்றவர் விஷயத்தில் இதுவே பெருந்தவறு.

ஃப்ளூகோனசோல் என்னும் காளான் கொல்லி மாத்திரை நல்ல மருந்துதான். ஆயின், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றைக் கல்லீரலும் குடலும் சிதைத்து வெளியேற்றும் வேலையை அது தடுக்கிறது. அதனால் வழக்கமான அளவை உட்கொண்டபோதும் இரத்தத்தில் அம்மருந்துகள் ஏறிக்கொண்டே போகும். கை நடுக்கம், தலைவலி தோன்றும். பெற்ற சிறுநீரகமே பழுதடையும். வாயில் கரைய விடும் குளோட்ரிமசோல் வில்லையும் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தக்கூடும். மருத்துவர் இவற்றைக் கொடுக்கும்போது இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து, வேண்டிய மாறுதல் செய்கிறார். காளான் மருந்தை நிறுத்தும்போதும் அவ்வாறே செய்ய வேண்டும். இல்லையேல் அளவு குறைந்து, உடல் உறுப்பை எதிர்க்கத் தொடங்கும்.

இக்காரணத்தால், மருத்துவர்கள் எளிய நோய்க்கு நிஸ்டாட்டின் என்னும் வாய்க்குழம்பை முதலில் கொடுப்பதுண்டு. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலார் 1950இல் கண்டுபிடித்த மருந்து இது. அவர்கள் பணியாற்றிய நியூயார்க் மாநிலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். இது குடலிலிருந்து இரத்தத்தில் ஏறக்குறையச் சேர்வதே இல்லையாதலால் பிற மருந்துகளோடு மோதுவதில்லை. எனினும், இதனையும் மருத்துவர் கூறிய பின்னரே கொள்ளல் வேண்டும். தானே வாங்கிப் பூசிக்கொண்டு, நீங்காத திட்டைக் காளான் என்றே நம்பி மாதக் கணக்கில் காலம் கடத்துவோர், புற்றுநோயைத் தொடக்கத்தில் பிடிக்கும் வாய்ப்பை இழப்பர்.

வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நாவில் தடவும் பழைய வழக்கமும் இவர்களுக்கு ஏற்றதன்று. விழுங்கப்படும் வெங்காரம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டியது. வாய்வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமே வாங்குவதும் சிறுநீரகத்திற்குக் கேடு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "இந்த மாத்திரைகளால்தானே வாய் இப்படி ஆயிற்று" என்று வெறுத்து, உறுப்பைக் காக்கும் மருந்துகளையே நிறுத்திவிடுவது. மயிரிழைத் திட்டோ காளானோ பெரும்பாலும் சிறிய தொல்லை; உறுப்பை இழப்பதோ பேரிழப்பு. மருந்தைக் குறைக்க வேண்டுமா, எவ்வளவு குறைக்கலாம் என்பதை மாற்றுச் சிகிச்சை அளித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

உறுப்பு மாற்றம் பெற்றவரின் வாயை வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நாவின் மேற்புறம், இரு ஓரங்கள், அடிப்புறம், கன்னங்கள், அண்ணம் என ஒழுங்காகப் பார்ப்பது நலம். புதிய திட்டு தெரிந்தால் நாளைக் குறித்து வையுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தால் மருத்துவர் அதன் வளர்ச்சியை அறிய உதவும்.

திட்டை நாக்கு வழிப்பானால் அழுத்தித் தேய்த்து அகற்ற முயலாதீர்கள். புண்ணாகும், மருத்துவர் காண வேண்டிய அடையாளமும் மறையும். மென்மையான தூரிகையால் நாள்தோறும் இருமுறை பல் துலக்குதல், இரவில் பொய்ப்பற்களைக் கழற்றித் தூய்மை செய்தல், ஆஸ்துமா மருந்தை இழுத்த பின் வாயைக் கொப்புளித்தல், நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்தல் ஆகியவை காளானைத் தடுக்கும் எளிய வழிகள்.

பாக்கு, புகையிலை, புகைத்தல் ஆகியவற்றை முற்றிலும் விட்டொழிக்க வேண்டும். வீட்டில் வெற்றிலைத் தட்டு இருந்தால் அவர் கண்ணில் படாமல் வைப்பது வீட்டாரின் உதவி.

பல் மருத்துவரிடம் செல்லும்போது, உறுப்பு மாற்றம் நடந்ததையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எழுதிய சீட்டை முதலில் கொடுங்கள். எந்தப் புதிய மருந்தையும், நாட்டு மருந்தாயினும், மாற்றுச் சிகிச்சை மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் அடுத்த வழக்கமான நாள் வரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்: விழுங்கும்போது வலி, காய்ச்சல், உணவோ மருந்தோ உட்கொள்ள இயலாமை, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ, வெண்மையினூடே செந்நிறம், தொட்டால் கடினம், இரத்தக் கசிவு, கழுத்தில் கட்டி. வலி இல்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஓர் உறுப்பு எளிதில் கிடைப்பதன்று. பெற்ற தாயோ, உடன்பிறந்தவரோ, வாழ்க்கைத் துணையோ தம் உடலினின்று எடுத்துக் கொடுத்தது. அல்லது, மகனை இழந்த பெற்றோர் தம் துயரத்தின் நடுவிலும் இசைந்து கொடுத்தது. அதனைக் காப்பது பெற்றவர் ஒருவரின் பொறுப்பு மட்டும் அன்று; அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் அனைவரின் பொறுப்புமாகும். அதற்குப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை. நாவில் வெண்மை கண்டால் தாமாகப் பெயர் சூட்டாமலும், தாமாக மருந்து வாங்காமலும், யாரையும் ஐயுறாமலும், உரிய மருத்துவரிடம் காலத்தோடு காட்டுவதே போதும்.